ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: குழுவோடு சேர்ந்து வேலை செய்வதும் டூட்டி மாறும்போது நோயாளியைக் காப்பதும்

ஸ்டாஃப் நர்ஸ், அனஸ்தீசியா டெக்னீஷியன், ஹவுஸ் சர்ஜன், முதலாண்டு பி.ஜி. என்று யாராக இருந்தாலும், முதன்முதலாகத் தியேட்டர் போஸ்டிங் வந்ததும் சொல்லித்தரப்படுவது ஒரே பாடம்தான்: கை கழுவுவது, கவுன் போடுவது, கருவிகளின் பெயர், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது. அதெல்லாம் அவசியம். ஆனால் நோயாளி நல்லபடியாக வீடு திரும்புவதற்கு அதே அளவு தேவையான இன்னொன்றை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. மேஜையைச் சுற்றி நிற்கும் ஆறேழு பேர் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள், அவர்களில் ஒருவர் பாதியில் மாறும்போது எது கைமாறுகிறது, எது விட்டுப்போகிறது என்பதுதான் அது. இந்தக் கட்டுரை அதற்காக.

கனடாவின் டொரன்டோ நகரில் ஓர் ஆய்வுக்குழு தியேட்டருக்குள்ளேயே நின்று 48 அறுவை சிகிச்சைகளைக் கவனித்தது. 2004-இல் அதன் முடிவு வெளிவந்தது. பதிவான 421 உரையாடல்களில் 129 ஏதோ ஒரு வகையில் பழுதானவை: சொல்ல வேண்டிய நேரம் தாண்டிச் சொன்னவை, பாதி மட்டும் சொன்னவை, கேட்க வேண்டியவர் அறையில் இல்லாதபோது சொன்னவை. அந்தப் பழுதுகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் விளைவுகளை உண்டாக்கின. வேலை தாமதமானது, பொருள் வீணானது, வாக்குவாதம் வந்தது, செய்முறையில் பிழை வந்தது. பேசியவர்கள் எல்லோரும் படித்தவர்கள், திறமைசாலிகள். பேச்சு போய்ச் சேர்வதில்தான் குறை.

முதல் வேலை: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

காலையில் தியேட்டருக்குள் நுழைந்ததும் ட்ராலியைத் தொடுவதற்கு முன்னால் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். சர்ஜன் யார், மயக்க மருத்துவர் யார், ஸ்க்ரப் (மேஜையருகே நின்று கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்) யார், சர்க்குலேட்டிங் (வேண்டிய பொருளைக் கொண்டுவந்து தரும் நர்ஸ்) யார், டெக்னீஷியன் யார், அட்டெண்டர் அண்ணன் பெயர் என்ன. நீங்களும் உங்கள் பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். "சார், வணக்கம், நான் இன்னைக்கு இந்த ரூம்ல சர்க்குலேட்டிங். தியேட்டருக்குப் புதுசு, இது ரெண்டாவது வாரம்" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நீங்கள் புதியவர் என்று தெரிந்தால்தான் உங்களிடம் ஒன்றைக் கேட்கும்போது அது எங்கே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லோரும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு நிற்கிற இடத்தில், "சிஸ்டர்" என்றோ "பிரதர்" என்றோ பொதுவாகக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள், அல்லது ஒருவரும் திரும்பமாட்டார்கள். சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் பெயர்களை எழுதிவையுங்கள். இரத்தம் பீறிடும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தால் அரை நிமிடம் மிச்சம்.

சேர்ந்து வேலை செய்து பழகிய குழுவுக்கு இருக்கும் பலத்தை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இதய அறுவை மருத்துவர்கள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அறுவை செய்கிறார்கள். ஹக்மன், பிசானோ என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களுடைய நோயாளிகளின் இறப்பு விகிதத்தை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். ஒரு சர்ஜன் ஒரு மருத்துவமனையில் அதிகமாக அறுவை செய்யச் செய்ய அங்கே அவருடைய முடிவுகள் மேம்பட்டன. அதே மேம்பாடு அவர் போகும் அடுத்த மருத்துவமனைக்கு அவரோடு போகவில்லை. கை அதே கைதான். சுற்றி நிற்கும் ஆட்கள், அவர்களோடு இருக்கும் பழக்கம், அந்த அறையின் ஒழுங்கு, இவை மாறின.

நம் ஊரில் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும். மாவட்டத் தலைநகரங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள நர்ஸிங் ஹோம்களில் சர்ஜன் வெளியிலிருந்து வருவார், மயக்க மருத்துவர் இன்னொரு மருத்துவமனையில் கேஸ் முடித்துவிட்டு வருவார், இரண்டு பேரும் அன்றுதான் சேர்ந்து நிற்பார்கள். அந்த அறையில் எது எங்கே இருக்கிறது என்று முழுமையாகத் தெரிந்தவர் அங்கேயே வேலை செய்யும் நர்ஸ் மட்டும்தான். நீங்கள் அப்படி ஓர் இடத்தில் சேர்ந்திருந்தால், வெளியிலிருந்து வரும் மருத்துவரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில உண்டு: அவசர மருந்து ட்ராலி எங்கே, டீஃபிப்ரிலேட்டர் எங்கே, சிரமமான மூச்சுக்குழாய்க்கான பெட்டியில் என்னென்ன இருக்கிறது, என்ன இல்லை, இரத்தம் வேண்டுமானால் எங்கிருந்து வர வேண்டும், எவ்வளவு நேரமாகும். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அறையை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள்

இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சக்‌ஷன் இழுக்கிறதா, மாற்று ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தும் பொத்தான் எது, பிளட் பேங்க் போன் எண் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தவர் பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். ஒரு வாரம் தினமும் செய்தால் பிறகு கண் தானாகப் போகும்.

மூன்று நிறுத்தங்களையும் உண்மையாகச் செய்யுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. 19 கேள்விகள், மூன்று நிறுத்தங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒன்று, கத்தி வைக்கும் முன் ஒன்று, நோயாளி அறையை விட்டுப் போகும் முன் ஒன்று. எட்டு நகரங்களில் அதைச் சோதித்தார்கள். புது டெல்லி அதில் ஒன்று. டொரன்டோ, லண்டன், சியாட்டில், ஆக்லாந்து, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபகாரா மற்றவை. 2009 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. பட்டியல் வருவதற்கு முன் 3,733 பேர், வந்த பின் 3,955 பேர். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன.

இதைப் படித்துவிட்டுக் காகிதத்தில் டிக் அடித்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் இதே பட்டியலைக் கட்டாயத்தின் பேரில் கொண்டுவந்தன. ஏறக்குறைய எல்லா இடங்களிலும் முழுமையாகப் பின்பற்றுவதாக அறிக்கை போனது. 2014-இல் கணக்குப் பார்த்தபோது இறப்பு 0.71 சதவீதத்திலிருந்து 0.65 சதவீதத்துக்கு மட்டும் நகர்ந்திருந்தது. புள்ளியியல்படி அதை மாற்றம் என்றே சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் குழுவையே உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எப்படிப் பேசுவது, எப்படிக் கேள்வி கேட்பது, அறுவைக்கு முன்னும் பின்னும் எப்படிக் கலந்து பேசுவது என்று. 74 மருத்துவமனைகள் பயிற்சி பெற்றன, 34 அப்போது இன்னும் பெறவில்லை. பயிற்சி பெற்ற இடங்களில் ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது, மற்றவற்றில் 7 சதவீதம். 2010-இல் வந்த முடிவு இது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது, காகிதத்தின் பலன் அதை வாசிக்கும்போது அறையில் இருப்பவர்கள் கேட்கிறார்களா என்பதைப் பொறுத்தது.

ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் உங்கள் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மயக்க மருந்துக்கு முன்: நோயாளி விழித்திருக்கிறார். பெயரை நீங்கள் சொல்லி அவரைத் தலையாட்ட வைக்காதீர்கள். "உங்க பேரு என்னங்க? இன்னைக்கு எந்தப் பக்கம் ஆபரேஷன்?" என்று அவரையே சொல்லவிடுங்கள். பயத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வார். கேஸ் ஷீட், கையிலுள்ள பட்டை, கான்சென்ட், பக்கக் குறி நான்கும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். அலர்ஜி கேளுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டி வேலை செய்கிறதா பாருங்கள். மூச்சுக்குழாய் சிரமமா என்று மயக்க மருத்துவர் சொல்ல வேண்டும். 500 மில்லிக்கு மேல் இரத்தம் போகும் என்று எதிர்பார்த்தால் (குழந்தைக்குக் கிலோவுக்கு 7 மில்லி) இரத்தமும் திரவமும் ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

கத்தி வைக்கும் முன்: எல்லோருடைய கையும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். நோயாளி யார், என்ன அறுவை, எந்த இடம். ஆன்டிபயாட்டிக் கடந்த 60 நிமிடத்துக்குள் போயிருக்கிறதா. பிறகு சர்ஜன், மயக்க மருத்துவர், நர்ஸ் மூவரும் தங்கள் கவலையைச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பல இடங்களில் தாண்டிப்போகிறார்கள், எனக்கோ அதுதான் பட்டியலின் உயிர் என்று படுகிறது. "பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கு, ஒட்டிக்கிட்டிருக்கும், கூட ஒரு மணி நேரம் ஆகலாம்" என்று சர்ஜன் சொன்னால், மயக்க மருத்துவர் திட்டத்தை மாற்றுவார், நீங்கள் கூடுதல் மாப் (இரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி) எடுத்து வைப்பீர்கள், 2 மணிக்கு டூட்டி மாறும்போது கேஸ் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் இப்போதே தெரிந்துவிடும்.

அறையை விட்டுப் போகும் முன்: என்ன அறுவை நடந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வது, கருவி, மாப், ஊசி எண்ணிக்கை, ஸ்பெசிமன் (பரிசோதனைக்கு அனுப்ப உடலிலிருந்து எடுத்தது) லேபிளை நோயாளியின் பெயரோடு சத்தமாகப் படிப்பது, பழுதான கருவி ஏதாவது உண்டா, ரிகவரியில் என்ன கவனிக்க வேண்டும். சர்ஜன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளம்பும் நேரம் இது. வாசல் வரை போய்விட்டாலும், "சார், ஒரு நிமிஷம், ஸ்பெசிமன் சொல்லிடறேன்" என்று கூப்பிடுங்கள்.

எண்ணிக்கை

வயிற்றுக்குள் மாப் தங்கிவிடுவது அரிது. நேர்ந்தால் நோயாளிக்கு இரண்டாவது அறுவை, சீழ், சில நேரம் உயிர் ஆபத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படிப்பட்ட 54 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். அவசர அறுவையில் ஆபத்து ஒன்பது மடங்கு. அறுவையின் போக்கு எதிர்பாராமல் மாறினால் நான்கு மடங்கு. மனதில் நிறுத்த வேண்டிய இன்னொரு விவரமும் அதில் இருக்கிறது: எண்ணிக்கை எடுத்துப் பதிவாகியிருந்த கேஸ்களில் பெரும்பாலானவற்றில் "கவுண்ட் சரி" என்றுதான் எழுதியிருந்தது.

அதனால் எண்ணும் முறையில் கறாராக இருங்கள். மாப் கட்டைத் திறந்ததும் ஐந்து மாப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, எக்ஸ்ரேயில் தெரியும் நூல் ஒவ்வொன்றிலும் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்க்ரப் நர்ஸும் சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள். உடனே பலகையில் எழுதுங்கள், மனதில் வைத்துக்கொண்டு பிறகு எழுதலாம் என்று வேண்டாம். உள்ளே வைத்த மாப்பைத் தனியாக, எந்த இடத்தில் என்று சேர்த்து எழுதுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது ஏதாவது கேட்டால், "எண்ணிட்டிருக்கோம் சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஸ்க்ரப் நர்ஸோ சர்க்குலேட்டிங் நர்ஸோ முழுவதுமாக மாறினால், அப்போதும் ஒரு முழு எண்ணிக்கை எடுக்க வேண்டும். உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்க முடியாவிட்டாலும், சர்ஜனிடம் கேட்டு இத்தனை உள்ளே என்று உறுதி செய்துகொள்ளலாம்.

ஒன்று குறைந்தால், "சார், மாப் ஒன்னு குறையுது. மூட வேண்டாம்" என்று சொல்லுங்கள். பக்கெட், தரை, துணிக்கடியில், குப்பைப் பை, கடைசியில் எக்ஸ்ரே. தேடும் பத்து நிமிடத்தில் யாராவது கோபப்படுவார்கள். பட்டுவிட்டுப் போகட்டும்.

டூட்டி மாறும்போது

இந்தக் கட்டுரையின் மையப்பகுதி இதுதான், ஏனென்றால் புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவதும் இங்கேதான். வெளியே போகிறவருக்கு பஸ் நேரம், உள்ளே வருகிறவருக்கு என்ன கேஸ் என்றே தெரியாது, நடுவில் மயக்கத்தில் கிடக்கிறவரால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

ஆட்கள் மாறுவதே ஆபத்தா? ஒன்டாரியோவில் 2 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பெரிய அறுவைகள் 3,13,066-ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவு: நடுவில் மயக்க மருத்துவர் முழுவதுமாக மாறிய நோயாளிகளில் 44 சதவீதம் பேருக்கு 30 நாட்களுக்குள் இறப்பு, மறு அனுமதி, பெரிய சிக்கல் என்பவற்றில் ஒன்று நேர்ந்தது, மாறாதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. வயது, நோய், அறுவையின் வகை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு சரிசெய்த பிறகும் 6.8 சதவீதப் புள்ளி வித்தியாசம் மிஞ்சியது. ஆனால் ஜெர்மனியின் 12 மருத்துவமனைகளில் 1,817 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை 2022-இல் வந்தபோது, மாறியவர்களில் 30 சதவீதம், மாறாதவர்களில் 33 சதவீதம் என்று இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இரண்டும் எப்படிப் பொருந்தும்? முதலாவது நடந்ததைப் பின்னால் நின்று பார்த்த ஆய்வு. நீண்டுபோகிற, சிக்கலாகிற, இரவு வரை இழுக்கிற கேஸ்களில்தான் ஆள் மாறுவார். அந்தச் சிக்கலை எவ்வளவு கணக்குப் போட்டாலும் முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. குலுக்கல் முறை அந்தக் குறையைத் தவிர்க்கிறது. ஆகவே மாறுவதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பதினான்கு மணி நேரம் நின்று கண் சொருகும் ஒருவரைப் பிடித்து வைப்பதும் நோயாளிக்கு நல்லதல்ல. அதே நேரம் ஜெர்மன் சோதனை மயக்க மருத்துவர்களைப் பற்றியது மட்டும்தான். இரண்டு நர்ஸ், ஒரு டெக்னீஷியன், ஒரு பி.ஜி. எல்லோரும் ஒரே அரை மணி நேரத்தில் மாறுகிற நம் 2 மணித் தியேட்டருக்கு அதை அப்படியே எடுத்துவந்து நிம்மதி அடைய முடியாது. ஒரே நேரத்தில் எல்லோரும் மாறாமல், ஒருவர் மாறிப் பத்து நிமிடம் கழித்து அடுத்தவர் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முழுக்கதையும் தெரிந்த ஒருவராவது எப்போதும் அறையில் இருப்பார்.

மாறக்கூடாத நேரங்கள் உண்டு. மயக்கம் கொடுக்கும்போதும் தெளியவைக்கும்போதும், மூச்சுக்குழாயில் டியூப் போடும்போதும் எடுக்கும்போதும், இரத்தம் நிற்காமல் போகும்போதும், பெரிய இரத்தக்குழாயில் கிளாம்ப் இருக்கும்போதும், எண்ணிக்கை பாதியில் இருக்கும்போதும் மாறாதீர்கள். ரிலீவ் பண்ண வந்தவர் காத்திருக்கட்டும், அல்லது இன்னொரு ஜோடிக் கையாக உதவட்டும்.

சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் சொன்னால், விட்டுப்போனது கேட்கிறவருக்கே தெரியும். நான் புதியவர்களுக்குச் சொல்லித்தருவது இந்த வரிசை: ஆள், அறுவை எந்தக் கட்டம், அலர்ஜி, எண்ணிக்கை, ஸ்பெசிமன், இரத்தமும் மருந்தும், அடுத்து செய்ய வேண்டியது, மனதில் உள்ள கவலை. பலகைக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். ஒரு சர்க்குலேட்டிங் நர்ஸ் இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, 57 வயசு ஆண், குடல் கட்டிக்கு லேபரோடமி. கட்டி எடுத்தாச்சு, குடலைச் சேர்த்துத் தைக்கிறாங்க. பெனிசிலின் அலர்ஜி, போர்டுல இருக்கு. மாப் 10 திறந்திருக்கு. 6 பக்கெட்ல, 2 ட்ராலில, 2 வயித்துக்குள்ள, இடது பக்கம் மேல, மண்ணீரல் ஓரமா. ஸ்பெசிமன் ஒன்னு, லேபிள் ஒட்டியாச்சு, இன்னும் லேபுக்குப் போகலை. பேக்டு செல் ரெண்டு யூனிட் பிளட் பேங்க்ல ரெடியா இருக்கு, இதுவரை கேட்கலை. ஐ.சி.யு. பெட் சொல்லியாச்சு, உறுதியாகலை. சக்‌ஷன் பாட்டில் வேகமா நிறையுது, எனக்கு அது கொஞ்சம் கவலையா இருக்கு."

வாங்குகிறவர் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு நகரக் கூடாது. முக்கியமானதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "மாப் 10ல 2 உள்ள, இடது மேல் பக்கம். பெனிசிலின் அலர்ஜி. ஸ்பெசிமன் ஒன்னு அனுப்பணும். ஐ.சி.யு. பெட் நான் கேட்டு உறுதி பண்றேன்." பிறகு இருவரும் ஸ்க்ரப் நர்ஸோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியாக சர்ஜனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கேட்கும்படி, "சார், நான் ரிலீவ் ஆகறேன், இனிமே அக்கா பார்த்துக்குவாங்க, மாப் ரெண்டு உள்ள இருக்கு" என்று அறிவிக்க வேண்டும். ஆள் மாறியது சர்ஜனுக்குத் தெரியாமலே போவது நிறையவே நடக்கிறது. இல்லாதவரிடம் அவர் எதையோ சொல்லி வைத்திருப்பார்.

மயக்க மருத்துவ அணியில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆன்டிபயாட்டிக் மறுபடி கொடுக்கும் நேரம். செஃபசோலின் கொடுத்து 4 மணி நேரம் ஆகியும் அறுவை ஓடினால் இன்னொரு டோஸ் வேண்டும். காலை 10 மணிக்குக் கொடுத்தவர் ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டால், 2 மணி டோஸை நினைவில் வைக்க யாரும் இல்லை. கொடுத்த நேரத்தை மட்டும் எழுதாமல் அடுத்து கொடுக்க வேண்டிய நேரத்தையும் பலகையில் எழுதுங்கள். சிரிஞ்சில் இழுத்து வைத்த மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுங்கள். லேபிள் இல்லாததைக் கொட்டிவிடுங்கள்.

வாய் திறந்து சொல்லப் பழகுங்கள்

2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுவழி அடைபட்டது. டியூப் போட முடியவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சேச்சுரேஷன்) 40 சதவீதத்துக்கும் கீழே போய் இருபது நிமிடங்கள் வரை அப்படியே கிடந்தது. அனுபவமிக்க மூன்று மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்து வழியாக மூச்சுவழி திறக்கும் செட்டைக் கொண்டுவந்து, இருக்கிறது என்றும் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யு.வில் பெட் ஏற்பாடு செய்தார், மருத்துவர்கள் பார்த்த பார்வையில் அதை ரத்து செய்துவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எலெய்ன் 13 நாட்கள் கழித்து இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானி. விமானத்தில் துணை விமானிக்குத் தலைமை விமானியை எதிர்த்துப் பேசப் பயிற்சி கொடுப்பதைப் போல மருத்துவத்தில் ஏன் இல்லை என்று கேட்டு, 2007-இல் அதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

நம் தியேட்டர்களில் சீஃப் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். மரியாதையை விடாமலே கடுமையாகச் சொல்ல முடியும், அதற்குப் படிகள் உண்டு. முதலில் தகவலைச் சொல்லுங்கள்: "சார், சேச்சுரேஷன் 78." பதில் இல்லையென்றால் கவலையைச் சொல்லுங்கள்: "சார், எனக்குக் கவலையா இருக்கு, மூணு நிமிஷமா ஏறவே இல்ல." அப்போதும் இல்லையென்றால் நிறுத்தச் சொல்லுங்கள்: "சார், இது பேஷண்ட் உயிர் விஷயம். டியூப் முயற்சியை நிறுத்துங்க. கழுத்து வழியாப் போற செட் உங்க வலது கைப்பக்கம் திறந்திருக்கு." கேள்வியாகக் கேட்காதீர்கள். "எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டால் அந்தப் பரபரப்பில் பதில் வராது, பதில் வராததையே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் ஒதுங்கிவிடுவீர்கள். வீட்டில் கண்ணாடி முன் நின்று இந்த வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதன்முதலில் சொல்வது உண்மையான நெருக்கடியில் என்றால் வாய் வராது.

கேட்கிற பக்கத்திலும் ஒரு பழக்கம் வேண்டும். மருந்தோ அளவோ சொன்னால் திருப்பிச் சொல்லி, செய்ததும் செய்தேன் என்று சொல்லுங்கள். "அட்ரினலின் 1 மில்லிகிராம்." "அட்ரினலின் 1 மில்லிகிராம், கொடுக்கிறேன்." "அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுத்தாச்சு, 11:42." மூன்றும் நடந்தால்தான் அது முடிந்த வேலை.

புதிய சாதனத்தையோ புதிய முறையையோ உங்கள் தியேட்டர் தொடங்குகிறது என்றால் இது இன்னும் முக்கியம். குறைந்த கீறலில் இதய அறுவை செய்யும் புது முறையை 16 மருத்துவமனைகள் கற்றுக்கொண்ட விதத்தை ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனின் குழு ஆராய்ந்தது. மருத்துவமனையின் பெயரோ சர்ஜனின் மூப்போ வேகத்தைத் தீர்மானிக்கவில்லை. ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தொடக்கக் கேஸ்களில் அதே ஆட்களை வைத்துக்கொண்டு, எல்லோரையும் பேசவிட்ட குழுக்கள்தான் வேகமாகக் கற்றன. முதல் பத்துப் பதினைந்து கேஸுக்கு ஆட்களை மாற்ற வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ரிகவரிக்கோ ஐ.சி.யு.வுக்கோ ஒப்படைக்கும்போது

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் இதய அறுவை முடிந்த குழந்தைகளை ஐ.சி.யு.வுக்கு ஒப்படைக்கும் முறையைத் திருத்த, ஃபெராரி கார்ப் பந்தயக் குழுவிடம் போய்ப் பார்த்தார்கள். பந்தயத்தின் நடுவில் சில நொடிகளில் டயர் மாற்றுகிறவர்கள் அமைதியாக, ஆளுக்கொரு வேலையோடு இருப்பதைக் கவனித்து வந்து, தங்கள் முறையை மாற்றினார்கள். 2007-இல் வந்த கணக்குப்படி ஓர் ஒப்படைப்புக்குச் சராசரி செய்முறைப் பிழைகள் 5.42-லிருந்து 3.15-ஆகவும், சொல்லாமல் விட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07-ஆகவும் குறைந்தன.

நமக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது, செலவில்லாதது. முதலில் வேலை, பிறகு பேச்சு. ஆக்சிஜன், மானிட்டர், டிரிப், ட்ரெயின் (வடிகுழாய்) எல்லாம் மாட்டி முடியும்வரை யாரும் கேஸைப் பற்றிப் பேசாதீர்கள். மாட்டி முடித்ததும் எல்லோரும் கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். மயக்க மருத்துவர் சொல்லட்டும், பிறகு சர்ஜன் பக்கத்து ஆள், பிறகு நீங்கள். வாங்கும் நர்ஸ் கேள்வி கேட்டு முடிக்கும்வரை ட்ராலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு கை பி.பி. கஃப் சுற்ற, காது கேட்க என்று நடக்கும் ஒப்படைப்பில் ட்ரெயின் எத்தனை என்பது கூடத் தங்காது.

லிஸ்ட் முடிந்த பிறகு

ஐந்து நிமிடம் நின்று பேசும் வழக்கம் உங்கள் தியேட்டரில் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். இல்லையென்றால், ஸ்க்ரப் அக்காவிடமோ டெக்னீஷியனிடமோ மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: இன்று எது நன்றாகப் போனது, எது தடுமாறியது, நாளைக்கு எதை மாற்றலாம். பழுதான காட்டரி, வராத இரத்தம், தவறிய ஸ்பெசிமன் லேபிள் என்று தப்பிப் பிழைத்த விஷயங்களையும் சம்பவப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆளின் பெயரைக் குறிப்பிட்டுக் குற்றம் சுமத்தாமல், என்ன நடந்தது, எந்த நேரத்தில், அப்போது அறையில் எத்தனை பேர் மாறிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதுங்கள். ஒரு மாதப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால், எந்த மணி நேரத்தில், எந்த மாற்றத்தின்போது உங்கள் தியேட்டரில் விஷயங்கள் தவறுகின்றன என்பது தெரியும். டூட்டி பட்டியலைத் திருத்த இன்சார்ஜிடமோ தலைமை மயக்க மருத்துவரிடமோ போகும்போது அந்தப் பதிவேட்டைக் கையில் கொண்டுபோங்கள்.